மாரடைப்பு என்று சொன்ன வீடு

உங்கள் பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை என்னைக் கேட்டாள்: "தற்கொலை என்பதைக் குடும்பத்தவர்கள் மறைக்கச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது?" நல்ல கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. ஓய்வு பெற்றவளைப் பேசவிட்டால் மத்தியானச் சாப்பாடும் ஆறிப்போகும் என்று உங்கள் மேலாளருக்குப் பயம். அதனால் எழுதித் தருகிறேன். எழுதும்போது என்னை யாரும் மறிக்க முடியாது.

விதிபோல ஒரு பதில் கேட்டால் என்னிடம் இல்லை. ஒரு வீட்டில் நடந்தது இருக்கிறது. தொண்ணூறுகளில் நடந்தது, பெயர்களை மாற்றியிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் அதை எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. அதனால் அழகாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்போது, நம் சனம் புலம்பெயர்ந்து வந்து நிறைந்திருந்த ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் வேலை செய்தேன். ஆஸ்பத்திரியோ பொலிஸோ ஒரு தமிழ் வீட்டில் போய் முட்டிக்கொண்டால் எங்களுக்குத்தான் ரெலிபோன் வரும். அன்றைக்கு மார்ச் மாதத்து முற்பகல். வெக்ஸ்போர்ட்டில் ஓர் அப்பார்ட்மென்ற். வேலைக்கு என்று வெளிக்கிட்டுப் போன ஒரு மனிதர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மனைவியை வேலைத்தலத்தில் இருந்து கூட்டிவந்து பொலிஸ்காரர் செய்தியைச் சொல்லிவிட்டார். தமிழில் பேச ஒருவர் வேண்டும், வாருங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நான் போனபோது கதவு திறந்தபடி கிடந்தது. வாசலில் சப்பாத்துகள் குவிந்து, பனி கரைந்த தண்ணீர் கொறிடோர் வரைக்கும் ஓடியிருந்தது. மனைவியை வசந்தி என்று சொல்கிறேன். குளிர் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் சோபாவின் நுனியில் இருந்தாள். சமையலறைச் சுவரில் இருந்த ரெலிபோனைப் பிடித்தபடி இறந்தவரின் தமையன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஓம், மாரடைப்பு. காலமைதான். ஓம், சடுதியா."

வசந்தி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பிள்ளைகளே, அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பொலிஸ் சொன்னது பிழை, இப்போதுதான் சரியான செய்தி வந்திருக்கிறது என்று ஒரு கணம் அவள் நம்பினாள். முகத்தில் வெளிச்சம் வந்தது. தமையன் ரெலிபோனை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் திரும்பியதும் அது போய்விட்டது.

நான் அவரைத் தனியே கூப்பிட்டேன். வசந்திக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தாள், நாலாம் வகுப்பு. துளசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்து வரவில்லை.

"அண்ணை, பிள்ளைக்கு என்ன சொல்லப்போறியள்?"

"பிள்ளைக்கும் அதுதான். சின்னப்பிள்ளைக்கு உதெல்லாம் என்னத்துக்குத் தங்கச்சி?"

"பிறகு தெரியவந்தால்?"

"ஆர் சொல்லப்போகினம்? நீர் சொல்லுவீரோ?"

"நான் சொல்லமாட்டன். ஆனா நீங்கள் சொல்லுறது நல்லது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. "யாழ்ப்பாணத்திலை அம்மா இருக்கிறா," என்றார். "இஞ்ச நான் ஒரு சொல்லுச் சொன்னால் அது அங்க போய்ச் சேரும். அதோடை, சனம் உவளைத்தான் பிடிக்கும். என்ன சண்டை, என்ன குறை எண்டு நோண்டும். உவளைக் காப்பாத்தத்தான் சொல்லுறன்."

அதை அவர் மனதாரச் சொன்னார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் நீங்கள் சந்திக்கும் பொய்களில் முக்கால்வாசி அன்பினால் சொல்லப்படுபவை. அதனால்தான் அவற்றை எதிர்த்து நிற்பது கஷ்டம்.

எனக்கு அப்போது ஒரு மேலாளர் இருந்தார், வெள்ளைக்கார அம்மா. அவருடைய தம்பியும் இப்படித்தான் இறந்தவர். அன்று மாலை ரெலிபோனில் நான் கொதித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, அந்தப் பொய்யை உடைக்கும் உரிமை உனக்கு இல்லை, அதைச் சொன்னவருக்குத்தான் இருக்கிறது என்றார். உன் வேலை அவர்கள் பக்கத்தில் இருப்பது, போய் இரு என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போய் இருந்தேன்.

இனி, உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலைக்கு வருகிறேன். நம் சனத்தின் செத்தவீடு உங்களுக்குத் தெரியும். யாரும் அட்டையில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை. வருகிற ஒவ்வொருவரும் உரிமையோடு கிட்ட வந்து, கையைப் பிடித்து, "என்னெண்டு நடந்தது?" என்று கேட்பார்கள். சொல்லவேண்டும். அடுத்தவர் வந்ததும் முதலில் இருந்து சொல்லவேண்டும். வயதாகி, நோய் வருத்தத்தில் இறந்தவர் என்றால் அந்தச் சொல்லல் ஒரு மருந்து. நூறு தரம் சொல்லி முடிப்பதற்குள் இறப்பு மெல்லமெல்ல உண்மையாகிவிடும். வசந்திக்குச் சொல்ல என்ன இருந்தது? ஒவ்வொரு தரமும் தமையன்தான் முந்திக்கொண்டு, "மாரடைப்பு" என்றார்.

மாரடைப்பு என்றால் நம்மவர்களுக்கு அடுத்த கேள்வி என்ன? சாப்பாடு.

அந்த நாட்களில் எந்தச் செத்தவீட்டிலும் முதல் வரிசையில் ஓர் அம்மாவைப் பார்க்கலாம். ரெக்ஸ்டேலில் இருந்து நகரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி வருவார். அதனால் எல்லாருக்கும் ரெக்ஸ்டேல் அன்ரி. சமைக்கக்கூடாத வீடு என்று பிளாஸ்கில் கோப்பியும் பெட்டியில் இடியப்பமும் கொண்டுவருவார். ஒப்பாரி அவர் தொடங்கினால்தான் மற்றவர்களுக்குக் கண்ணீர் வரும். வசந்தியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஆளுக்குக் கொலஸ்ரரோல் இருந்ததே?"

"தெரியாது அன்ரி," என்றாள் வசந்தி.

"தெரியாதோ? புருசன்ரை இரத்தத்திலை என்ன கிடக்கெண்டு பெண்சாதிக்குத் தெரியாதோ? தேங்காய்ப்பால் விட்டுத்தானே கறி வைக்கிறனி? பொரியல் ஒவ்வொரு நாளும். நான் எல்லாருக்கும் சொல்லுறனான், உந்த எண்ணெயைக் குறையுங்கோ எண்டு. ஆர் கேக்கினம்?"

பக்கத்தில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி இறைச்சியைச் சொன்னாள். இன்னொருத்தி உப்பைச் சொன்னாள். வசந்தியைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவள் கழுத்திலேயே வந்து விழுந்ததை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். தமையனும் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. அடுத்து வந்தவரின் கையைப் பிடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வசந்தி சொன்னதுதான் என்னைத் தூக்கிப்போட்டது.

"ஓம் அன்ரி. நான்தான் கவனிக்கேல்லை. நான்தான் எண்ணெய் கூட விட்டனான்."

அவளுக்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்டு, தலையைக் குனிந்துகொண்டு துளசி இருந்தாள்.

நான் வசந்தியை முகம் கழுவக் கூட்டிக்கொண்டு போனேன். "ஏன் அப்பிடிச் சொன்னீர்?" என்று கேட்டேன்.

குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அது லேசாக் கிடக்கு. சமையலாலை எண்டால் எனக்கு விளங்குது. நான் பிழை விட்டன், ஆள் போயிட்டார். மற்றது எனக்கு விளங்கவே இல்லை. காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுத்தானே போனவர்."

விளங்காத ஒன்றைச் சுமப்பதைவிட, தான் கொலைகாரி என்று நினைப்பது அவளுக்குச் சுகமாக இருந்திருக்கிறது. இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்கவேண்டும். எல்லாருக்கும் பயமான கேள்வி. நான் கேட்டேன். "வசந்தி, உமக்கும் செத்துப்போகலாம் எண்ட யோசனை வருதோ?"

அவள் குழாயை மூடினாள். "வந்தது. துளசி இருக்கிறாள்," என்றாள். பிறகு, "நீங்கள் கேட்டது நல்லது அக்கா," என்றாள். அன்றைக்கே அவளுடைய தங்கையை வந்து கூட இருக்க ஒழுங்கு செய்தோம், குடும்ப வைத்தியரிடமும் நானே கூட்டிப்போனேன். கேட்டால் யோசனையை ஊட்டிவிடுவோம் என்று பயப்படாதீர்கள். அது ஏற்கெனவே உள்ளே இருந்து அவர்களைத் தின்றுகொண்டிருக்கும். யாராவது கேட்டால்தான் மூச்சு விடுவார்கள்.

கிரியையைத் தமையன்தான் செய்தார். தம்பிக்கு மூத்தவர் செய்கிற முறை இல்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். வேறு ஆள் இல்லை. வெறும் மேலோடு நின்று, சொன்னதையெல்லாம் செய்தார். கண்ணில் ஒரு துளி இல்லை. பலமான மனிதர் என்று சனம் மெச்சியது.

கொஞ்ச நாள் கழித்துத் துளசியின் பள்ளிக்கூடத்தில் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. பிள்ளை கொண்டுவரும் மத்தியானச் சாப்பாட்டை ஒவ்வொரு நாளும் குப்பையில் போடுகிறாள், பள்ளியில் கொடுக்கிற அப்பிளையும் பிஸ்கற்றையும் மட்டும் சாப்பிடுகிறாள், மெலிந்து போகிறாள் என்று ஆசிரியை சொன்னார். துக்கத்தில் பிள்ளைகளுக்குப் பசி இராது. அதுதான் என்று நினைத்துக்கொண்டு பின்னேரம் போனேன்.

வசந்தி சமையலறையில் நின்றாள். புட்டும் சம்பலும் பருப்பும். துளசி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வசந்தி சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். துளசி அதை ஒரு விரலால் மேசையின் மறுபக்கம் தள்ளினாள்.

"சாப்பிடடா குஞ்சு. அம்மா கெஞ்சுறன்."

"எனக்கு வேண்டாம்."

"பள்ளிக்கூடத்திலையும் எறியுறியாம். ஏன்?"

பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு, தாயைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"உங்கட சாப்பாடு சாப்பிட்டுத்தானே அப்பா செத்தவர். நீங்களே அன்ரிக்குச் சொன்னீங்கள். நானும் சாகவேணுமா?"

எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அந்த ஒரு வசனத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை. வசந்தியின் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். 'அக்கா, நீங்கள் சொல்லுங்கோ' என்று அவளுடைய கண் கெஞ்சியது. உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. மேலாளர் சொன்னது ஞாபகம் வந்தது. சிங்கின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். என் தொழிலில் நான் செய்த பெரிய வேலை எது என்று கேட்டால், அந்தச் சமையலறையில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான்.

வசந்தி தரையில், பிள்ளையின் காலடியில் போய் இருந்தாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"துளசி, அது சாப்பாட்டாலை இல்லை. மாரடைப்பும் இல்லை. அப்பாவுக்கு மனசிலை பெரிய வருத்தம் இருந்திருக்கு. எங்களுக்குத் தெரியேல்லை. அந்த வருத்தத்திலை அப்பா தன்ரை உயிரைத் தானே எடுத்திட்டார். நான் செய்த ஒண்டாலையும் இல்லை. நீ செய்த ஒண்டாலையும் இல்லையம்மா."

சொல்லிவிட்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இனிப் பிள்ளை அழுவாள், தாயைக் கட்டிப்பிடிப்பாள் என்று காத்திருந்தேன். பிள்ளை எழுந்து நின்றாள்.

"பொய். பெரியப்பா ஹார்ட் அட்டாக் எண்டு சொன்னவர். எல்லா அன்ரிமாரும் சொன்னவை. நீங்கள் மட்டும் வேற சொல்லுறீங்கள். யூ ஆர் லையிங். என்னைச் சாப்பிட வைக்கத்தானே?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலில் ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டால் பிறகு உண்மைக்கு இடம் கிடைக்காது. அதை அன்று என் கண்ணால் கண்டேன். சபை முழுக்கச் சேர்ந்து சொன்ன ஒன்றை, குற்றத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒருத்தி தனியாக நின்று எப்படி மாற்றுவாள்?

நான் தமையனுக்கு ரெலிபோன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை நம்புவாள் என்றேன்.

"என்னாலை ஏலாது தங்கச்சி."

"அண்ணை, பிள்ளை சாப்பிடுறாளில்லை."

"எனக்கு விளங்குது. ஏலாது எண்டு சொல்லுறன் எல்லே!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். மானத்துக்குப் பயந்த மனிதர் என்று திட்டிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. அவரால் ஏலவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கிரியை முடிந்து, ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த ஒரு ஹோலில் மத்தியானச் சாப்பாடு. நீண்ட மேசைகளில் பேப்பர்ச் சாப்பாட்டுக் கோப்பைகள். சோறும் மரக்கறியும் வந்தன. தமையன்தான் வீட்டுக்காரர் முறையில் வாளியைத் தூக்கிக்கொண்டு பாயாசம் பரிமாறினார். ரெக்ஸ்டேல் அன்ரியும் வந்திருந்தார், காலையில் இருந்து மரக்கறி வெட்டி, பாத்திரம் கழுவி, சேலை முன்பக்கம் நனைந்திருந்தது. வசந்தி ஒரு கோப்பையில் சோறு போட்டு, துளசிக்குப் பக்கத்தில் வந்து இருந்து, பிசைந்து நீட்டினாள். துளசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எதிரே இருந்த அன்ரிக்கு மனம் பொறுக்கவில்லை. "பாத்தியோ, பிள்ளைக்கே விளங்குது," என்றார். "இனியாவது கையைச் சுருக்கிச் சமை, வசந்தி. ஓராளைக் குடுத்தது காணும்."

வாளி தரையில் இடித்த சத்தத்தில் ஹோல் முழுக்கத் திரும்பியது.

"நிப்பாட்டுங்கோ அன்ரி!" தமையனின் குரல் அவருடைய குரல் மாதிரியே இல்லை. "சாப்பாடு இல்லை. மாரடைப்பும் இல்லை. அது நான் சொன்ன பொய். என்ரை தம்பி தன்ரை உயிரைத் தானே முடிச்சவன்."

வாய்க்குக் கொண்டுபோன கைகள் அப்படியே நின்றன. அன்ரி எழுந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"அப்ப இவ்வளவு நாளும் என்னைக் கதைக்க விட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ? ரெக்ஸ்டேலிலை இருந்து பஸ் ஏறி வந்தது இவளுக்கு ஆறுதல் சொல்ல. என்ரை வாயாலையே இவளை வதைக்க வைச்சிட்டியளே! எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இவளுக்குப் பக்கத்திலை இருந்திருப்பன். எனக்கு இருக்கத் தெரியாதோ?"

என் முகத்தில் அறைந்தது போல இருந்தது. அந்த மனுசியை நான் வாயாடி என்று எத்தனை தரம் மனதுக்குள் வைதிருப்பேன். பொய் வசந்தியை மட்டும் தனிமைப்படுத்தவில்லை. உதவிக்கு வந்தவர்களின் கையில் கல்லைக் கொடுத்து எறிய விட்டிருக்கிறது.

பின்வரிசைப் பிள்ளை, இதுதான் உனக்குப் பதில். அவர்கள் மறைக்கச் சொன்னால் நீ உடைக்காதே. ஆனால் அந்தப் பொய்யோடு வாழப்போகிறவர் யார், அவர் அதைச் சுமப்பாரா என்று முதல் நாளே கேள். திரும்பத் திரும்பக் கேள். பொய் சொன்னவரைத் திட்டாதே. அவரும் ஓர் உயிரைப் பறிகொடுத்தவர். தமையனிடம் அன்றுவரை ஒருவரும், நான் உட்பட, "உங்களுக்கு எப்படி இருக்கிறது" என்று கேட்டதில்லை. உடைந்த பிறகு எல்லாம் நேராகிவிடும் என்றும் நினைக்காதே. அந்த ஹோலில் இருந்து சிலர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனார்கள். வசந்தியின் வீட்டுக்குப் பிறகு வரவேயில்லை. அன்ரி வந்தார்.

அந்த மத்தியானத்தின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தமையன் துளசிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"அம்மா சொன்னதுதான் உண்மையம்மா. பெரியப்பாதான் பொய் சொன்னனான்."

"ஏன் பொய் சொன்னீங்கள்?"

"எனக்கு அந்தச் சொல்லைச் சொல்ல ஏலேல்லை. இப்பவும் ஏலேல்லை," என்றார். கிரியையில் அழாத மனிதர் ஹோலின் நடுவில் வாய்விட்டு அழுதார். அன்ரிதான் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

துளசி பெரியப்பாவைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். வசந்தியின் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. ஒரு மாதமாக வசந்தியும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நாங்கள் யாருமே பார்க்கவில்லை. பிள்ளை பார்த்திருக்கிறாள்.

"நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ," என்றாள்.

சோதித்துப் பார்க்கத்தான் சொன்னாளா, தாய்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. வசந்தி அந்தப் பிடியைத் தன் வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்க முடியாமல் விழுங்கினாள். துளசி கண் வெட்டாமல் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமானதும் அவள் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு, வாயைத் திறந்தாள்.